எங்கள் தொண்டைக்கு ஏற்ற சுருதி

எங்கள் சலவைக்கூடத்தில் அண்ணிக்கு ரோலரம்மா என்று பெயர். ஆஸ்பத்திரியிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துத் திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. சுழலும் சூடான உருளைக்குள் ஈர விரிப்பை ஓரம் பிசகாமல் கொடுப்பவள் அண்ணி. மறுபக்கம் வந்து விழுவதை மடிப்பவள் நான். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள், நான் படிப்பை விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருப்பதைப் பார்த்து, தான் வேலை செய்யும் இடத்திலேயே என்னையும் சேர்த்துவிட்டாள். அவள் பேசினால் உருளையின் இரைச்சலைத் தாண்டிக் கேட்கும். நான் பேசினால் எனக்கே சரியாகக் கேட்காது. அதனால் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆஸ்பத்திரியின் ஆண்டு விழாவில் எங்கள் ஆட்கள் ஒரு பாட்டுப் பாடுவது வழக்கம். பாட்டை எழுதியவர் எங்கள் சூப்பர்வைசர். வெண்மை, தூய்மை, கடமை என்று போகும் பாட்டு. கறையைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. கறை எடுக்கிறவர்கள் யாரும் அதை எழுதவில்லையே. முன்னால் நின்று பாடுபவரும் அவர்தான். சோப்புத்தூள் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கீபோர்டு வாசிப்பார். துணி ஏற்றி இறக்கும் ஆண்கள் ஒரு பக்கம். பெண்கள் நாங்கள் பின்னால் இரண்டு வரிசை.

பாட்டு சூப்பர்வைசரின் தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்தது. எங்களுக்கு அதன் முதல் வரி கிணற்றுக்குள் கிடந்தது. சரி, மேல் ஸ்தாயியில் பாடலாம் என்று ஏறினால் கடைசி வரி கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. ஆகவே வாயை மட்டும் அசைத்தோம். நான் அதில் கெட்டிக்காரி.

ஒரு விழா முடிந்து மேடைக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, யாரோ ஒரு நோயாளியின் வீட்டுக்காரர் இன்னொருவரிடம் சொன்னார்.

"ஆம்பளைங்க நல்லாத்தான் பாடுனாங்க. பொம்பளைங்களுக்கு வாய் மட்டும்தான் அசைஞ்சுது. சும்மா அழகுக்கு நிறுத்தியிருக்காங்க போல."

அண்ணி டீயைப் பாதியில் வைத்துவிட்டாள். பஸ்ஸில் ஏறிக் கம்பியைப் பிடித்த பிறகு என் காதருகே குனிந்து, "அடுத்த விழாவுல நம்ம சத்தம் கேக்கணும்" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் சபதம் எதுவும் போடவில்லை.

வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு கிடார் கிடந்தது. அண்ணியின் தம்பி ஆசையாக வாங்கி, அலுத்துப்போய், வேறு ஊருக்கு வேலைக்குப் போகும்போது அவளிடம் தள்ளிவிட்டுப் போனது. அதைத் துடைத்து எடுத்தாள். கம்பிகளைச் சரியான சுருதிக்கு முறுக்குவதற்குச் செல்போனில் ஒரு வசதி இருக்கிறது. கம்பியைத் தட்டினால் திரையில் ஒரு முள் ஆடும். முள் நடுவில் நின்றால் சரி. மற்றதை வீடியோ பார்த்தும், தப்பாகத் தட்டித் தட்டியும் கற்றுக்கொண்டாள். புதிதாகக் கிடார் பிடிப்பவர்களுக்கு விரல் நுனி வலிக்கும், கொப்புளம் வரும் என்று வீடியோக்காரன் எச்சரித்தான். அண்ணி தன் விரல்களைப் பார்த்துச் சிரித்தாள். சூடான விரிப்பைப் பிடித்துப் பிடித்து அவை எப்போதோ காய்த்துப்போனவை.

கேலிக்குப் பஞ்சமில்லை. "கொசு அடிக்கிற பேட்டா இருந்தாலும் வீட்டுக்கு உபயோகப்படும்" என்றார் அம்மா.

"விடும்மா, நான் ரிப்பேர் பார்க்கிற பஸ்ஸுங்க சத்தத்துக்கு இது எவ்வளவோ தேவலை" என்றான் மெக்கானிக்கான அண்ணன்.

"நீங்க யாருக்குப் பரிஞ்சு பேசறீங்கன்னே தெரியலையே" என்றாள் அண்ணி. பிறகு அம்மாவைப் பார்த்து, "அத்தை, பொழுது விடிஞ்சா நீங்க என்னைப் பத்தி ஒரு பாட்டு எடுக்கறீங்க. நான் தாளம் தப்புதுன்னு எப்பவாவது சொல்லியிருக்கேனா?" என்றாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

ஒருநாள் கிடாரோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இங்க பாரு, இது நம்ம மடிப்புக் கணக்குதான்."

கிடாரின் கழுத்தில் குறுக்கே உலோகக் கம்பிகள் பதித்துக் கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார்கள். ஒரு கட்டம் தள்ளி அழுத்தினால் ஒலி ஒரு படி ஏறும். ஏதாவது ஒரு கட்டத்தில் தொடங்கி, இரண்டு கட்டம் தாண்டு, இன்னும் இரண்டு தாண்டு, அப்புறம் ஒன்று. பிறகு இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று. தொடங்கிய சுரமே மேலே போய் மறுபடி வந்து நிற்கும். நடுவில் கால் வைத்த இடங்கள்தான் அந்தச் சுருதிக்குச் சொந்தமான சுரங்கள்.

"பெரிய மடிப்பு, பெரிய மடிப்பு, சின்ன மடிப்பு. மூணு பெருசு, ஒரு சின்னது" என்று சொல்லிக்கொண்டே தடித்த கம்பியில் விரலை நடத்தினாள். "எந்த வார்டுக்குப் போற விரிப்பா இருந்தா என்ன, மடிப்பு ஒண்ணுதானே. அதே மாதிரி எங்க ஆரம்பிச்சாலும் கணக்கு மாறாது."

அந்த ஏழு சுரங்களில் ஒன்று விட்டு ஒன்றாக மூன்றை எடுத்துச் சேர்த்து ஒலித்தால் அது ஒரு கார்ட். முதல் சுரத்தில் ஒன்று, நான்காவதில் ஒன்று, ஐந்தாவதில் ஒன்று என்று மூன்று கார்ட் கையில் இருந்தால் பாதிப் பாட்டுகளுக்குத் துணை போய்விடலாம். ஆறாவதில் எழும் கார்ட் கொஞ்சம் அழுகிற மாதிரி ஒலிக்கும். "இவளை அளவாத்தான் கூப்பிடணும். வந்தா லேசுல போக மாட்டா" என்றாள் அண்ணி.

விழா நெருங்கி ஒத்திகை தொடங்கியபோது கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். சூப்பர்வைசர் மறுக்கவில்லை. "மேடையில பார்க்க எடுப்பா இருக்கும். ஓரமா நில்லும்மா" என்றார்.

"என்ன கட்டைண்ணே?" என்று அண்ணி ஸ்டோர்காரரைக் கேட்டாள். கீபோர்டில் சி என்ற வெள்ளைக்கட்டையை ஆதாரமாக வைத்துப் பாடினால் ஒரு கட்டைச் சுருதி. டி என்றால் இரண்டு கட்டை. ஜி என்றால் ஐந்து.

"ஒரு கட்டை. எப்பவும் ஒரு கட்டைதான்" என்றார்.

பாட்டு தொடங்கியதும் அண்ணி அதோடு சி கார்டைப் போட்டாள். தகரத்தில் ஆணி கிழித்த மாதிரி இருந்தது. எல்லோரும் காதைப் பொத்தினார்கள்.

"கிடார் சுருதி சேரலை" என்றார் ஸ்டோர்காரர். "நான் ஒவ்வொண்ணா அமுக்கறேன். அதுக்குச் சரியா முறுக்கு."

அவர் ஒவ்வொரு கட்டையாக அழுத்தினார். அண்ணி ஒவ்வொரு கம்பியாக முறுக்கினாள். எல்லாக் கம்பிகளும் வழக்கத்தைவிட விறைத்துக்கொண்டே போயின. கடைசி மெல்லிய கம்பி பட்டென்று அறுந்து அவள் மணிக்கட்டில் கோடு போட்டது.

"சரக்கு மட்டம்" என்றார் அவர். யாரோ சிரித்தார்கள். அண்ணி கிடாரை உறைக்குள் போட்டாள்.

வீட்டுக்கு வந்து புதுக் கம்பி மாட்டி, செல்போன் முள்ளை வைத்துத் தன் சுருதிக்கே திரும்பவும் முறுக்கினாள். அடுத்த ஒத்திகையில் வாசிக்கவில்லை. மற்றவர்கள் பாட, இவள் பாட்டின் கடைசி ஒலியை மட்டும் பிடித்து, வாய்க்குள் முனகிக்கொண்டு, அது எந்தக் கம்பியோடு சேருகிறது என்று தேடினாள். எந்தப் பாட்டும் சுற்றிவிட்டுக் கடைசியில் ஓரிடத்தில் போய் உட்காரும். அது உட்காரும் சுரம்தான் அதன் சுருதி. கையே வைக்காமல் தட்டிய நான்காவது கம்பி அதோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. நான்காவது கம்பி டி.

"அண்ணே, இது ரெண்டு கட்டை மாதிரி இருக்கு" என்றாள்.

ஸ்டோர்காரருக்கு மூக்கு சிவந்துவிட்டது. "ரெண்டு கட்டைன்னா நடுவுல கறுப்புக்கட்டை தொடணும். நான் வெள்ளையை விட்டு எறங்கினதே இல்ல. எத்தனை வருஷமா வாசிக்கிறேன், என்கிட்டயேவா?"

அவர் சொன்னதும் உண்மை. நான் அவர் விரல்களைப் பார்த்தேன். வெள்ளையில்தான் இருந்தன. அண்ணியின் காதும் பொய் சொல்லாது. ஆகவே விரல்களை விட்டுவிட்டுக் கீபோர்டின் மற்ற இடங்களைப் பார்த்தேன். சின்னத் திரையின் மூலையில் ஒரு கூட்டல் குறியும் இரண்டு என்ற எண்ணும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தன. பாட்டு முடிந்தது, பெட்டியை மூடினார். அடுத்த நாள் திறந்தார். அப்போதும் அந்த இரண்டு இருந்தது.

உருளையருகே வைத்து அண்ணியிடம் சொன்னேன். இரைச்சலில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவள் விரிப்பைக் கையில் பிடித்தபடியே நின்றாள். கீபோர்டில் சுருதியைத் தூக்கவும் இறக்கவும் ஒரு பட்டன் உண்டு என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. யாரோ எப்போதோ அதை இரண்டு தடவை அழுத்தியிருக்கிறார்கள். அவர் விரல் சியில் நிற்கிறது, சத்தம் டியில் வருகிறது. அவருக்கே தெரியாது.

"அடிப் பாவி, உன் கண்ணுக்குச் சுத்திப் போடணும்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "அப்போ அந்தப் பட்டனை இன்னும் அஞ்சு தடவை அமுக்கினா ஜி வந்துரும். அவர் விரலை மாத்த வேண்டியதே இல்ல."

ஜி எங்களுக்கு வேண்டியது. அதை அண்ணி ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தாள். சாப்பாட்டு வேளையில் மடிப்பு மேசையைச் சுற்றி எங்களை நிற்கவைத்து, பாட்டின் மிகத் தாழ்ந்த வரியையும் மிக உயர்ந்த வரியையும் மட்டும் பாடச் சொன்னாள். ஒவ்வொரு கட்டமாகத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தாள். ஒரு சுருதியில் கறை எடுக்கும் அக்காவுக்கு அடி எட்டவில்லை. இன்னொன்றில் கிழிசல் தைக்கும் தையல்காரிக்கு உச்சியில் கீச்சென்று உடைந்தது. "எட்டுக் கட்டைல கத்தறது எனக்குப் புருஷன்கிட்ட மட்டும்தான் வரும்" என்றாள் தையல்காரி. ஜியில் வைத்தபோது இரண்டு வரியும் நிற்காமல் வந்தன. பாடி முடித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தொண்டையில் எங்கேயும் இடிக்கவில்லை. என் வாயிலிருந்து சத்தம் வந்திருந்தது.

அண்ணி ஸ்டோர்காரரைச் சபையில் மடக்கவில்லை. சோப்புத்தூள் அறைக்குத் தனியாகப் போனாள். நான் வாசலில் நின்றேன்.

"அண்ணே, அந்தத் திரையில ஒரு ரெண்டு இருக்கு பாருங்க. அதை ஏழாக்கினா போதும். நீங்க வாசிக்கிறபடியே வாசிக்கலாம். நாங்களும் பாடலாம்."

அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மூடினார். "அது கம்பெனியில வெச்சு அனுப்பினது. தொடக் கூடாது" என்றார்.

சூப்பர்வைசரிடமும் போனாள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இந்தப் பாட்டு என் தொண்டையில பொறந்ததும்மா."

"பொறந்தது உங்க தொண்டைதான் சார். இத்தனை பேர் சேர்ந்து பாடற பாட்டு, எங்க தொண்டைலயும் கொஞ்சம் வளரட்டுமே."

"அப்போ நான் எப்படிப் பாடறது?"

"நாங்க இவ்வளவு நாளா எப்படிப் பாடினோமோ அப்படி."

அவருக்கு அது பிடிக்கவில்லை. கடைசி ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் அறிவித்தார். "ஸ்டோர்காரர் வாசிக்கிறதுதான் சுருதி. ஒத்துக்காதவங்க மேடைக்கு வர வேண்டாம். கிடார் இந்தத் தடவை வேண்டாம்." அண்ணி கிடாரை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நாங்கள் யாரும் அதைப் பற்றிக் கூடிப் பேசவில்லை. பேசினால் பயம் வந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

விழா அன்று அண்ணி பார்வையாளர் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கிடார். மேடையில் எங்கள் பெயரை அழைத்தார்கள். சூப்பர்வைசரும் ஆண்களும் ஏறினார்கள். கறை எடுக்கும் அக்கா பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. தையல்காரி எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

சூப்பர்வைசர் கீழே இறங்கி வந்தார். "என்ன இது?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"தொண்டை சரியில்ல சார்" என்றாள் அக்கா.

"எல்லாருக்குமா?"

"ஒரே காத்துதானே சார் குடிக்கிறோம்."

ஒலிபெருக்கியில் மறுபடி அழைத்தார்கள். முன்வரிசையில் பெரிய டாக்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் அண்ணியைப் பார்த்துக் கையை ஆட்டினார். வா என்றும் வைத்துக்கொள்ளலாம், தொலை என்றும் வைத்துக்கொள்ளலாம். அண்ணி வா என்று வைத்துக்கொண்டாள். அவளோடு நாங்கள் எல்லோரும் எழுந்தோம்.

ஸ்டோர்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு விரல்களை வைப்பதற்குள் அண்ணி ஜியை அடித்தாள். அடுத்து சி, அடுத்து டி, மறுபடி ஜி. நாங்கள் முதல் வரியைப் பிடித்தோம். ஸ்டோர்காரர் தன் சுருதியில் வந்து மோதினார். ஒரு வரி முழுக்கத் தகரமும் ஆணியுமாக இருந்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள் முகத்தைச் சுளித்தார். அண்ணி ஸ்டோர்காரரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, இன்னும் ஓங்கி அடித்தாள். நாங்களும் இறங்கவில்லை. யாராவது ஒருவர் விட வேண்டும். அவர் விட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டு கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சூப்பர்வைசர் விடவில்லை. கூடவே பாடிப் பார்த்தார். உச்சி வரியில் குரல் உடைந்தது. கீழே இறங்கிப் பார்த்தார், அடி கிடைக்கவில்லை. பிறகு வாயை மட்டும் அசைத்தார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. அந்த வேலை எவ்வளவு அலுப்பு என்று எனக்குத் தெரியும்.

பாட்டு கடைசியில் போய் எங்கள் சுரத்தில் உட்கார்ந்தது. சக்கர நாற்காலிகளில் இருந்தவர்களும் கை தட்டினார்கள்.

மறுநாள் அண்ணியை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார் சூப்பர்வைசர். கதவு திறந்தே இருந்தது. "மன்னிப்புக் கேட்டுட்டா ரோலருக்கே போகலாம். இல்லைன்னா அழுக்கு மூட்டை பிரிக்கிற கொட்டகைக்குப் போக வேண்டியிருக்கும்."

"எந்தச் சுருதில கேக்கணும் சார்?"

அவர் மேசையிலிருந்த பதிவேட்டைப் புரட்டினார்.

"பாடச் சொல்லி நிறுத்தினீங்க, பாடினோம். அதுல மன்னிக்க என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டு வந்து, ரோலர் பக்கம் மாட்டியிருந்த தன் துண்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அங்கே ரத்தமும் மருந்துமாக வரும் விரிப்புகளைக் கையுறை போட்டுப் பிரிக்க வேண்டும். நாற்றம் வீடுவரை கூட வரும். அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டார். ஆனால் வெந்நீரைத் தானே போட்டு வைத்தார். "அந்த ஆளோட பாட்டை நான் கேட்டிருந்தா கொட்டகைக்கு நானே அனுப்பியிருப்பேன், பாட்டை" என்றார்.

கொட்டகை ஒதுக்குப்புறம் என்பதை சூப்பர்வைசர் யோசிக்கவில்லை. சாப்பாட்டு வேளையில் நாங்கள் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு அங்கே போனோம். மூட்டைகளின்மேல் உட்கார்ந்து பாடினோம். வெண்மைப் பாட்டை விட்டுவிட்டோம். அவரவருக்குத் தெரிந்ததைப் பாடினோம். ஒவ்வொருத்திக்கும் ஒரு கட்டம் தேடிக் கொடுத்தாள் அண்ணி.

ஒருநாள் சூப்பர்வைசர் வந்து நின்றார். "யார் பர்மிஷன் குடுத்தா?"

"சாப்பாட்டு நேரம் எங்களுது சார்" என்றாள் அண்ணி, கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல். இந்தத் தடவை நானும் சொன்னேன், "எங்களுது சார்" என்று. அவருக்குக் கேட்டது. திரும்பிப் போய்விட்டார்.

அவர் போன பிறகு, அடுத்த கொட்டகையில் பாய்லர் பார்க்கும் பெரியவர் கரி படிந்த கையைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தார். ஆள் ஆறடி. குரல் அதற்கும் கீழே, தரைக்கு அடியிலிருந்து வரும்.

"ஏம்மா, ஆம்பளைங்களுக்கும் பார்த்துக் குடுப்பியா? நான் எங்க பாடினாலும் பொருந்த மாட்டேங்குது."

"உட்காருங்கண்ணே. பாட்டு முடியற இடத்தை மட்டும் இழுங்க."

அவர் கூச்சத்தோடு இழுத்தார். மூட்டைகள் அதிர்ந்த மாதிரி இருந்தது. அண்ணி தடித்த கம்பியில் மேலிருந்து ஒவ்வொரு கட்டமாக இறங்கி வந்தாள். முதல் கட்டத்தில் வந்து நின்றது. எஃப். ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே ஆறு கம்பியையும் அழுத்திப் பிடிக்க வேண்டிய கார்ட். அவள் கைக்கு இன்னும் வராதது. அடித்துப் பார்த்தாள். ஈரத் துணியைத் தட்டிய மாதிரி தொப்பென்று ஒரு சத்தம்.

"வேற ஏதாவது லேசா இருந்தாலும் சரிம்மா. நான் கொஞ்சம் அனுசரிச்சுப் பாடிக்கிறேன்" என்றார் அவர்.

"நீங்க எதுக்குண்ணே அனுசரிக்கணும்" என்றாள் அண்ணி. விரலை உதறிவிட்டு, முதல் கட்டத்திலேயே மறுபடி வைத்து அழுத்தினாள். "இன்னொரு தடவை இழுங்க."